தொடுமுன் அறிவோம்

நுழையும்முன்

மின்சாரம் நம் இல்லங்களில் ஓசையின்றி உழைக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, மணப்பதில்லை, தீண்டும் முன் எச்சரிப்பதுமில்லை. எனவே, அதனை அறிவினால் மட்டுமே காண இயலும். பழுதுற்ற வீட்டுக் கருவியைச் சீர்செய்ய முனைபவரின் கை எதுவரை செல்லலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குளிர்பதனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

சித்திரை, வைகாசித் திங்கள்களில் வெயில் உச்சத்தை எட்டும்போது, ஏ.சி. என நாம் வழங்கும் குளிர்பதனி ஓய்வின்றி இயங்குகிறது. அந்நாள்களில் அது நின்றுபோனால், பழுது நீக்குநர் வந்துசேரச் சில நாள்கள் ஆகலாம். “நீ அறிவியல் படிக்கிறவன்தானே தம்பி, கொஞ்சம் பார்க்கக் கூடாதா?” என்று பாட்டி கேட்பார். திருப்புளி வீட்டிலேயே இருக்கும். வழிகாட்டும் காணொலிகளும் கைப்பேசியில் கிடைக்கும். அவ்வேளையில் எடுக்கும் முடிவு சில நூறு ரூபாயைச் சேமித்துத் தரலாம். ஓர் உயிரைப் பறித்தும் விடலாம். இரண்டிற்கும் இடையிலுள்ள எல்லையை அறிவதே பாதுகாப்பின் முதற்படி.

வெப்பத்தை வெளியேற்றும் எந்திரம்

மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், ஆவியாகும்போது பானையிலுள்ள நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குளிர்பதனியின் அடிப்படையும் இதுவே. அறையின் உள்ளே இருக்கும் செம்பு அல்லது அலுமினியச் சுருளில் குளிர்பதன நீர்மம் ஆவியாகி, அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளியே உள்ள பகுதியில் இருக்கும் கம்ப்ரசர் அவ்வாவியை அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய ஆவி, வெளிச்சுருளில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்து மீண்டும் நீர்மமாகிறது. இச்சுழற்சி மூடிய குழாய்களுக்குள் நிகழ்வதால், ‘கேஸ்’ என்று மக்கள் கூறும் குளிர்பதன வாயு பயன்பாட்டினால் தீர்ந்துபோவதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயுவை நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்
1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரப்பதம் மாறும்போதெல்லாம் தாள் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் பொருந்தாமல் போயின. வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர், காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த ஓர் அமைப்பை வகுத்தார். இன்றைய குளிர்பதனிகளுக்கு அதுவே முன்னோடி. மனிதரின் வசதிக்காக அன்றித் தாளின் நலனுக்காகவே அது தோன்றியது.

நம் கையால் செய்யத்தக்கவை

குளிர்ச்சி குறைந்தவுடன் பெரும்பழுது என்று அஞ்ச வேண்டியதில்லை. தொலையியக்கியின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். தூசு வடிகட்டி அடைபட்டிருக்கலாம். வடிகட்டி அடைபட்டால் சுருளின்மீது செல்லும் காற்று குறைகிறது. எடுத்துச் செல்லப் போதிய வெப்பம் கிடைக்காத சுருள் மேலும் குளிர்ந்து, அதன்மீது பனிக்கட்டி படிகிறது. அப்போது கருவியை நிறுத்திப் பனி தானாக உருக விட வேண்டும். கத்தியால் சுரண்டினால் சுருள் துளைபட்டு வாயு வெளியேறிவிடும். தூய்மை செய்த பின்னும் பனி படிந்தால், அது வல்லுநர் ஆராய வேண்டிய பழுதாகும்.

வடிகட்டியைக் கழற்றித் தூய்மை செய்வது எளிது. கருவியைத் தொலையியக்கியால் நிறுத்திய பின், சுவர் ஆளியையும் நிறுத்திப் பிளக்கை உருவிவிட வேண்டும். பிளக் இல்லாமல் நேராக இணைக்கப்பட்டிருந்தால், வீட்டின் முதன்மை ஆளியையே நிறுத்த வேண்டும். சுவர் ஆளி ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. தவறான கம்பியிணைப்பினால் அது நடுநிலைக் கம்பியில் அமைந்திருந்தால், கருவி நின்றபின்னும் அதனுள் மின்னழுத்தம் இருக்கும். பணி முடியும்வரை எவரும் ஆளியை இயக்காதவாறு வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவிடுவது இன்றியமையாதது. அசையாத ஏணியில் நின்று வடிகட்டியை எடுத்து, நீரில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்திய பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும். மாடியின் வெளிச்சுவரில் தொங்கும் பகுதியை எட்டிப்பிடித்துத் துடைக்க முயல்வது தகாது. மின்சாரத்தைப் போலவே உயரமும் உயிர் பறிக்கும்.

நிறுத்திய பின்னும் நிற்காத மின்னூட்டம்

திருகாணிகளை நீக்கி உள்ளுறையைத் திறப்பதிலிருந்து எல்லை மாறுகிறது. கம்ப்ரசரையும் விசிறியையும் இயக்க உதவும் மின்தேக்கி அங்கே இருக்கிறது. மின்னூட்டத்தைத் தேக்கிவைப்பதே அதன் பணி. ஆளியை நிறுத்திப் பிளக்கை உருவிய பின்னும் அது தன் மின்னூட்டத்தைச் சிறிது காலம் வைத்திருக்கக்கூடும். ‘இன்வெர்ட்டர்’ வகைக் கருவிகளின் மின்பலகையில் உள்ள மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கும். நாம் பயன்படுத்தும் நியான் விளக்குச் சோதிப்பான் இதனைக் காட்டிக்கொடுக்காது. சோதிப்பான் ஒளிராததைக் கண்டு கைவைப்பவர் ஏமாறும் இடம் இது.

குளிர்பதன வாயுவும் எச்சரிக்கைக்குரியது. புதிய கருவிகளில் பயன்படும் ஆர்-32 எளிதில் தீப்பற்றாவிடினும் எரியும் இயல்புடையது. ஆர்-290 என்பது எளிதில் தீப்பற்றும் புரோப்பேன். மேலும், குழாய்களுக்குள் இருக்கும் வாயு உயர் அழுத்தத்தில் உள்ளது. எனவே, மின்தேக்கி, மின்பலகை, கம்ப்ரசர், வாயுக் குழாய் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

கம்பியைக் காப்பதும் மனிதரைக் காப்பதும்

“எம்.சி.பி. இருக்கிறது, ஆபத்தில்லை” என்பது பரவலான நம்பிக்கை. ஒரு சிறு கணக்கு அந்நம்பிக்கையைச் சோதித்துவிடும். ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். 230 வோல்ட் மின்னழுத்தத்தில், ஓம் விதிப்படி, 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் உடல்வழிப் பாயும். ஆனால், 16 ஆம்பியர் எம்.சி.பி. 16,000 மில்லி ஆம்பியரை இயல்பான மின்னோட்டமாகவே ஏற்கும். ஒருவர் உடலில் உயிர்போக்கும் மின்னோட்டம் பாய்வதை அது உணர்வதே இல்லை. அது காப்பது கம்பியை; மனிதரை அன்று.

மனித உடலும் மின்னோட்டமும் (ஏறத்தாழ)
1 மில்லி ஆம்பியர் – உறுத்தல் உணர்வு
10 மில்லி ஆம்பியர் – தசைகள் இறுகிப் பிடித்ததை விட இயலாமை
30 மில்லி ஆம்பியர் – மூச்சுத்திணறல்
100 மில்லி ஆம்பியர் – இதயத் துடிப்பு சீர்குலையும் நிலை
(மின்னோட்டம் செல்லும் பாதைக்கும் நேரத்திற்கும் ஏற்ப இவ்விளைவுகள் மாறும்.)

மனிதரைக் காக்கும் பணியை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர் எனலாம். முதலாவது, புவி இணைப்புக் கம்பி. கருவியின் உலோக உறையில் மின்சாரம் கசிந்தால், அது நம் உடலை நாடாமல் தடை குறைந்த இக்கம்பி வழியே மண்ணுக்குச் செல்லும். மிகுதியாகப் பாயும் அம்மின்னோட்டம் எம்.சி.பி.யையும் இயங்கச் செய்யும். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனை இதற்குரியது. அதனை வெட்டி இருமுனை ஆக்குவது காவலரை வெளியேற்றிக் கதவைத் திறந்துவைப்பதாகும்.

இரண்டாவது, ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்பதை இது ஓயாமல் ஒப்பிடுகிறது. உடல்வழியே மண்ணுக்குச் செல்லும் மின்னோட்டம் கணக்கில் குறைவதால், வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்போ எட்டியவுடனோ இமைப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், பிடித்த கையை விடுவிக்க இயலும் மின்னோட்ட எல்லையைத் தன்னார்வலர்களிடம் ஆராய்ந்தவர். 1961இல் இவ்வகைத் துண்டிப்பானை அமெரிக்காவில் உருவாக்கினார். எனினும், இதற்கும் வரம்பு உண்டு. மின்னோட்டக் கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் ஒருசேரத் தொடுபவரையோ, மின்தேக்கியின் முனைகளைத் தொடுபவரையோ இதனால் காக்க இயலாது. ஆகவே, இக்கருவிகள் நம் எச்சரிக்கைக்குத் துணையாகுமே அன்றி ஈடாகா.

தளர்ந்த இணைப்பில் பிறக்கும் தீ

ஒன்றரை டன் குளிர்பதனி ஒன்று 1,500 வாட் திறனில் இயங்கும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். செருகியில் ஓர் இணைப்பு தளர்ந்து, அவ்விடத்தில் அரை ஓம் மின்தடை உண்டானதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் 24.5 வாட் கிடைக்கிறது. ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் 25 வாட் கோலுக்கு நிகரான வெப்பம் அது. ஒரு புள்ளியில், இரவு முழுவதும், நெகிழிக்கு நடுவே எழுகிறது. இச்சூட்டைக் கண்டு எம்.சி.பி.யும் இயங்காது, ஏனெனில் மின்னோட்டத்தின் அளவு மிகவில்லை. பழுப்பேறிய செருகி, கருகிய வாடை, தொட்டால் சுடும் பிளக் ஆகியவை தீயின் முன்னறிவிப்புகள். 6 ஆம்பியர் நீட்டிப்புப் பெட்டியில் குளிர்பதனியை ஒருபோதும் இணைத்தல் கூடாது.

எம்.சி.பி. தானே கீழிறங்கினால் ஒருமுறை மேலேற்றிப் பார்க்கலாம். மறுபடியும் இறங்கினால் அது ஒரு செய்தியைச் சொல்கிறது. அதனைக் கட்டாயப்படுத்தி நிறுத்தி வைப்பதும், அதிக ஆம்பியர் உடையதை மாற்றிப் பொருத்துவதும் செய்தி சொல்பவரின் வாயை அடைப்பதாகும்.

மின்தாக்குதல் நேர்ந்தால்

மின்தாக்குதலுக்கு உள்ளானவரை வெறுங்கையால் பிடித்து இழுப்பவரும் அதே மின்சுற்றில் சிக்குவார். உடன்பிறந்தோர் துடிப்பதைக் கண்டும் ஒரு நொடி நின்று, முதலில் முதன்மை ஆளியை நிறுத்துவதே உண்மையான அன்பு. அது இயலாவிடின், உலர்ந்த மரப்பலகைமீது நின்று, உலர்ந்த மரக்கோலாலோ நெகிழிக் கோலாலோ அவரை விலக்க வேண்டும். உடனே 108க்கு அழைக்க வேண்டும். அவர் உணர்வும் இயல்பான மூச்சும் இன்றிக் கிடந்தால், மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்த வேண்டும். நலமாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்; இதயத்தின் பாதிப்பு உடனே வெளிப்படாமலும் இருக்கலாம்.

தன் கையால் ஒன்றைச் சீர்செய்யும் ஆர்வம் போற்றத்தக்கது. அவ்வார்வமே பொறியாளர்களை உருவாக்கியது. வடிகட்டியைத் தானே கழுவத் தெரிந்தவர், மின்தேக்கியின் முன் கையைப் பின்னிழுக்கவும் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். அடுத்தமுறை பாட்டி அழைக்கும்போது, “இதுவரை நான் பார்க்கிறேன், பாட்டி, இதற்குமேல் தெரிந்தவர் வரட்டும்” என்று காரணம் கூறி விளக்குபவரே, படித்த அறிவியலை வாழ்வில் கைக்கொண்டவர் ஆவார்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டு மின்பலகையைப் பெரியவர் ஒருவருடன் பார்வையிட்டு, அதில் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ளதா எனக் கண்டறிக. இருப்பின், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அது இயங்குவதை உறுதிசெய்க.
2. ‘தானே செய்யலாம்’, ‘வல்லுநரை அழைக்க வேண்டும்’ என்னும் இரு தலைப்புகளில் வீட்டு மின்கருவிகளின் பழுதுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் காரணம் எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.