‘தம்பதி’ என்னும் சொல்: பிரிப்பும் பொருளும்

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் அச்சிடப்படும் திருமணப் பத்திரிகைகளில் ‘தம்பதி ஸமேதராய் எழுந்தருள’ என்னும் வேண்டுகோளைப் பெரும்பாலும் காணலாம். பந்தலில் ஆசி கூறுவோர் புதுமணத்தாரைத் ‘தம்பதிகள்’ என்பர். எம்பெருமானையும் பெரியபிராட்டியாரையும் ‘திவ்யதம்பதிகள்’ என்பது ஸம்ப்ரதாய வழக்கு. இத்தனை பழகிய இச்சொல்லைத் ‘தம் + பதி’ எனத் தமிழாகவே பிரித்து, ‘தம்முடைய நாயகன்’ என்று பொருள் கொள்வாரும் உளர். அவ்வாறு கொண்டால் சொல் கணவன் ஒருவனையே குறிக்கும். மனைவி சொல்லுக்குப் புறம்பாவாள். ‘திவ்யதம்பதிகள்’ என்னுமிடத்துப் பிராட்டிக்கும் இக்குறை வந்து சேரும். ஆகையால் இதன் பிறப்பை ஆராய்தல் வேண்டும்.

இது வடசொல். வேதத்தில் ‘தம்’, ‘தம’ என்பன வீட்டைக் குறிக்கும். ருக்வேதத்தின் முதல் ஸூக்தத்திலேயே, அக்நி தன் இல்லத்தில் வளர்வதைக் கூறுமிடத்தில் இச்சொல் வருகிறது. ‘பதி’ என்பது தலைவன். ஆகத் ‘தம்பதி’ வீட்டுக்குத் தலைவன் என்றதாயிற்று. ஒருமையில் இது அக்நிக்கே பெயராகவும் வரும். ஆண்டானைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘டெஸ்போட்டேஸ்’ என்பதும் இவ்விரண்டு உறுப்புகளுக்கு இனமானவற்றால் ஆனதே. இருமையில் வரும்போது ‘தம்பதீ’ என்பது கணவனும் மனைவியுமாகிய இருவரையும் காட்டும். எட்டாம் மண்டலத்து 31ஆம் ஸூக்தத்தில், ஒருமனப்பட்டு ஸோமம் பிழியும் இருவரைக் கூறுமிடத்து இப்பொருளே உள்ளது. பத்தாம் மண்டலத்து 85ஆம் ஸூக்தமாகிய விவாஹ ஸூக்தமும் மணமகளை இல்லத்துக்குத் தலைவியாகவே அனுப்புகிறது. ஆகையால் ஒருவன் தலைவன், ஒருத்தி அவனுடைய உடைமை என்பது இச்சொல்லின் கருத்தன்று. இருவரும் இல்லத்துக்கு நாயகர் என்பதே கருத்து.

இங்கு ஒரு சங்கை எழும். வையாகரணர் இதனை ‘ஜாயா + பதி’ என்று பிரித்து, மனைவியைக் குறிக்கும் ‘ஜாயா’ என்பது ‘தம்’ எனத் திரிந்தது என்றார்களே, அது எங்ஙனம் பொருந்தும் என்னில்: வீட்டைக் குறிக்கும் ‘தம்’ பிற்கால வழக்கில் வீழ்ந்தமையின், வழக்கிலுள்ள சொல்லைக்கொண்டு அவர்கள் அமைதி கூறினார்கள் என்க. ‘ஜாயாபதீ, ஜம்பதீ, தம்பதீ’ என்னும் மூன்றும் பாணினியின் 2.2.31ஆம் ஸூத்ரத்துக்குரிய ராஜதந்தாதி கணத்தில் ஓதப்படுகின்றன. த்வந்த்வ ஸமாஸத்தில் இகர ஈற்றுச் சொல் முற்படவேண்டும் என்பது அடுத்த ஸூத்ரத்தின் பொதுவிதி. அதன்படி ‘பதி’ முன்னே நிற்கவேண்டும். கணபாடமோ அதனைப் பின்னே நிறுத்துகிறது. ஆக, இப்பிரிப்பிலும் மனைவிக்கே முதலிடம். மதுரை வட்டாரத்தில் எழுதப் படிக்க அறியாதாரும் ‘பொண்ணு மாப்பிள்ளை’ என்று பெண்ணையே முற்படச் சொல்வது இதனோடு ஒத்திருக்கிறது.

தமிழில் இருமை எண் இல்லை. நதீ என்பது நதி ஆனாற்போலத் ‘தம்பதீ’யின் ஈற்று ஈகாரமும் குறுகிற்று, இக்குறுக்கம் நன்னூல் பதவியலில் விதிக்கப்பட்டதே. எனவே ‘தம்பதி’ என்றாலே இருவர். தம்பதிகள், தம்பதியர் என்பன வழக்கினால் அமைந்தவை; குற்றமாகா. ‘தம்பதி ஸமேதராய்’ என்பதோ ‘கணவன் மனைவியோடு கூடியவராய்’ என்று பொருள்பட்டு இடறும். ‘தம்பதிகளாய்’ என்றாலே கருதிய பொருள் நிரம்பும்.

ஸம்ப்ரதாயத்தில் இதன் பயன் பெரிது. பிராட்டியின் உபாயத்வத்தைப் பற்றி இரு கலையாரிடையே பேதம் உண்டு. கைங்கர்யம் மிதுனத்துக்கே என்பதில் பேதமில்லை. மதுரைக்கருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்த பிள்ளை லோகாசார்யர், முமுக்ஷுப்படி த்வய ப்ரகரணத்தில் இளையபெருமாளை உதாஹரித்து, இருவருமான சேர்த்தியிலே அடிமை செய்வதே முறை என்று நிர்ணயித்தார். திருமாலிருஞ்சோலையில் பங்குனி உத்திரத்தன்று கல்யாணசுந்தரவல்லித் தாயார் முதலான தேவிமாரோடு அழகர் திருக்கல்யாணம் கண்டருளும்போது ஸேவிப்பாருக்கு இவ்வர்த்தமே கண்ணாரக் கிடைக்கிறது.

‘மணமக்கள்’ என்பது மணம் நிகழ்ந்த நாளையொட்டிய பெயர். ‘தம்பதி’ என்பது அன்று தொடங்கி இருவரும் கூடி ஏற்கும் இல்லத் தலைமையையொட்டிய பெயர். அவ்விருவரில் ஒருவரை நீக்கினால் சொல்லே நில்லாது.