தபால்தலைத் தடங்கள் - 17: நேட்டாலிலிருந்து வந்த உறைகள்

சென்ற வாரம் 1854-ல் கல்கத்தா நில அளவை அலுவலகத்தில் கல்லச்சில் அடித்த அரை அணா தபால்தலைகளைப் பார்த்தோம். இந்த வாரமும் அதே நகரம்தான். ஆனால், கப்பல் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது.

அந்தப் பக்கத்துத் தபால்தலை என்றதும் சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது நன்னம்பிக்கை முனையின் முக்கோணத் தலையைத்தான். 1853 செப்டம்பரில் வந்தது. வரைந்தவர் அங்கே தலைமை நில அளவையாளராக இருந்த சார்லஸ் பெல். அச்சிட்டது லண்டன் பெர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனம். 1861-ல் கையிருப்பு குறைய, கேப்டவுனிலேயே அவசரமாக அடித்தார்கள். ஒரு பென்னி அச்சும் நான்கு பென்னி அச்சும் ஒன்றோடொன்று கலந்து, நீலமும் சிவப்பும் இடம் மாறிவிட்டன. அந்தப் பிழைத் தலைகளுக்கு இன்று ஏலத்தில் பெரிய விலை.

அழகான தலைதான். இருந்தாலும், கொல்கத்தாவில் நின்று பார்க்கும் எனக்கு நேட்டால்தான் பெரிதாகத் தெரிகிறது. சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ம் தேதி நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்தே நாளில் கல்கத்தாவின் ‘பெல்விடியர்’ போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கடல் கடந்தவர்கள் 1,52,000-க்கும் மேல். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியே போனார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் ஹூக்ளிக்கரை டிப்போக்களில் காத்திருந்து கப்பலேறினார்கள்.

இவர்கள் ஊருக்குப் போட்ட கடிதங்கள் எங்கே? அதிகாரிகள், வணிகர்கள், பாதிரியார்களின் உறைகள் ஆல்பங்களில் பத்திரமாக இருக்கின்றன. எழுதத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்து, வரி வரியாகச் சொல்லி எழுதவைத்த கூலித் தொழிலாளியின் கடிதத்தையோ மழையும் கரையானும் தின்றுவிட்டன. அப்படியோர் உறை தப்பிக் கிடைத்தால், என் கணக்கில் அது முக்கோணத் தலையைவிட உயர்ந்தது.

உறையைப் படிக்கத் தெரிய வேண்டும். முன்பக்கம் நேட்டால் தலை, அதன்மேல் புறப்பட்ட ஊரின் முத்திரை. புரட்டினால் வழியில் கைமாறிய ஊர், வந்து சேர்ந்த தபால் நிலையம், தேதி. இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்த்தால், பதிலுக்காக ஒரு வீடு எத்தனை நாள் காத்திருந்தது என்பது தெரிந்துவிடும். தலையை மட்டும் பிரித்தெடுத்தால் இது அத்தனையும் போச்சு!

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. தெற்கு ஆப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட கைதிகளை 1901-ல் திருச்சியிலும் நீலகிரி வெலிங்டனிலும்கூட அடைத்துவைத்தார்கள். இலங்கையின் தியத்தலாவையில் பெரிய முகாமே இருந்தது. அங்கிருந்து போன கடிதங்களில் தணிக்கை முத்திரையைக் காணலாம்.

மறுபடியும் கல்கத்தாவுக்கே வருவோம். 1897-லேயே தபால்தலைச் சங்கம் கண்ட நகரம் இது. வெள்ளைக் குவிமாட ஜி.பி.ஓ. பக்கம் போகிறவர்கள் அஞ்சல் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் டர்பன் முத்திரையோடு பழைய உறை இருந்தால், தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையைப் பிரிக்காதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இருபுறமும் படமெடுத்துக்கொண்டு, உறையையும் உள்ளே இருக்கும் கடிதத்தையும் சேர்த்தே வையுங்கள்.