ஏரித் தண்ணீருக்கு வந்த பங்காளி

பண்ருட்டிப் பக்கம் ஏரி வற்றினால் வெயிலைத்தான் திட்டுவோம். ஏரிக்குள்ளேயே நின்று தண்ணீர் குடிக்கும் சீமைக்கருவேலத்தை மறந்துவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம் இது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று நாம்தான் வளர்த்தோம். ஏரி காய்ந்தாலும் இது வாடாது. ஆணிவேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். வாய்க்காலை அடைத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் லேசுப்பட்டதல்ல. ஒடித்துப் போட்ட தண்டு ஈரத்தில் கிடந்தால் போதும், கணுவில் வேர்விட்டு மறுபடி புதராகிவிடும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தமிழ்நாட்டில் சீமைக்கருவேல ஒழிப்பு சூடுபிடித்தது. ஆனால் வெறுமனே வெட்டுவதில் விறகு வியாபாரிக்கு லாபம், ஏரிக்கு ஒன்றுமில்லை. அடுத்த மழைக்கே அடித்தூரிலிருந்து நாலைந்து கிளை கிளம்பிவிடும். ஏரி காய்ந்திருக்கும் கோடையில் வேரோடு பெயர்க்க வேண்டும். கரையில் நிற்கும் மரம் என்றால் கூடுதல் கவனம்: பெயர்த்த குழியில் மண் போட்டுக் கெட்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கரை உடைவது அந்த இடத்தில்தான்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் அரசே ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, தண்ணீரை உறிஞ்சும் அந்நிய மரங்களை அகற்றி வருகிறது.

சீமைக்கருவேலத்தை ஒரு தடவை அகற்றினால் தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. ஆடு மாடு தின்ற காயின் விதை சாணத்தோடு திரும்ப வரும். ஆகவே மழை விட்டதும் உங்கள் ஊர் ஏரியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். விரல் உயரக் கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடுங்கள்.