அபாயப் படம் ஊராரின் உடைமை

ஆபத்து வந்தபின் அனுதாபம் காட்டுவதும், நிவாரணம் வழங்குவதும், அடுத்த ஆபத்து வரும்வரை மறந்திருப்பதும் நம் தேசத்தில் வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்துக்குக் கடலூர் ஜில்லா கொடுத்த விலை கொஞ்சமன்று. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அங்கே அறுநூறு பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. இவை இயற்கையின் செயல்கள். மனிதன் தானே தேடிக்கொண்ட அபாயமும் ஒன்றுண்டு. உப்பனாற்றங்கரையில் சிப்காட் ரசாயன ஆலைகள் நிற்கின்றன. 2021 மே மாதம் அங்கோர் ஆலையில் விபத்து நேர்ந்து நால்வர் மாண்டனர்.

கடலுக்கு ஓர் இலாகா, ஆற்றுக்கு ஓர் இலாகா, ஆலைக்கு ஓர் இலாகா. ஆனால் இம்மூன்றும் வந்து சேரும் தெரு ஒன்றே. வெள்ளத்துக்கு அஞ்சி ஜனங்கள் ஓடும் மேடு, விஷவாயு பரவும் வழியிலே இருக்கக்கூடும். ஆகையால் எல்லா அபாயங்களையும் ஒரே படத்தில் வரைந்தாலன்றித் தப்பும் வழி புலப்படாது.

2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், அபாயத்துக்கு இலக்கான இடங்களை ஜில்லாத் திட்டத்தில் குறிக்க வேண்டுமென்கிறது. அபாயகரமான ரசாயனங்களைப் பற்றிய 1989-ஆம் வருஷத்து விதிகள், பெருவிபத்து நேரக்கூடிய ஆலைகள் அக்கம்பக்கத்தாருக்கு அதனை முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமென்கின்றன. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கலெக்டர் கச்சேரி அலமாரியில் உறங்கும் படம் யாரைக் காப்பாற்றும்?

கிராமப் படத்தை ஊராரே கையில் எடுக்க வேண்டும். 2015-இல் வெள்ளம் எந்தச் சுவர்மட்டும் ஏறிற்று, எந்த ஓடை தூர்ந்தது, எந்த வீட்டில் நடக்கமாட்டாத முதியவர் இருக்கிறார் என்பன ஊராருக்கன்றி வேறு யாருக்குத் தெரியும்? காக்கும் பொருள்களையும் அதிலே குறிக்க வேண்டும். பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகளுக்குப் பின்னிருந்த கிராமங்கள் சுனாமியில் குறைவாகவே சேதமுற்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

படம் வெளியானால் நிலத்தின் விலை குறையுமென்று சிலர் முணுமுணுக்கலாம். அபாயத்தை மறைத்து விற்ற மனைக்கு, வாங்கியவனின் குழந்தைகளல்லவா இறுதியில் விலை கொடுக்கிறார்கள்!

அடுத்த கிராம சபையில் இப்படத்தை விரிக்குமாறு ஒவ்வோர் ஊரிலும் தொண்டர்கள் வற்புறுத்துவார்களாக. புதிய பள்ளிக்கும், பாதைக்கும், குடியிருப்புக்கும் அனுமதி கேட்போர் அதன்முன் நின்று பதில் சொல்லட்டும். தன் ஊரின் அபாயத்தைத் தானே அறிந்து தீர்மானிப்பது ஜனங்களின் உரிமை. அதனைப் பிறர் கையில் விட்டுவிட்டு, பிறகு விதியை நொந்து பயனில்லை.