கடலூர்க் கடற்கரையின் கட்டுமரமும் மீனவர் வாழ்வும்

கட்டுமரம் என்பது எடை குறைந்த மரத்தடிகளை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் மரபுவழிக் கடற்கலம் ஆகும். 'கட்டு', 'மரம்' என்னும் இரு சொற்களே இதன் செய்முறையைச் சொல்லிவிடுகின்றன. சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் வழங்கிய இக்கலம், கடலூர் மாவட்டத்தின் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களின் மீனவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கருவியாகவும் ஊர்தியாகவும் இருந்தது.

கரையின் இயல்பு

இக்கரை மணற்பாங்கானது. இயற்கைத் துறைமுகங்கள் அரிது. ஆற்று முகத்துவாரங்கள் மணலால் தூர்ந்துபோவதும் உண்டு. திறந்த கரையில் அலைகள் அடுத்தடுத்து உடைவதால், ஆழமான அடிப்பகுதி கொண்ட படகு கவிழவோ நீர் நிறைந்து மூழ்கவோ கூடும். கட்டுமரத்திலோ நீர் தேங்க இடமே இல்லை. மேலே ஏறும் அலை, தடிகளின் இடுக்குகள் வழியே வடிந்துவிடுகிறது. கவிழ்ந்தாலும் அது மிதக்கும். மீனவர் அதைப் புரட்டி மீண்டும் ஏறிக்கொள்வர். எனவே கட்டுமரத்தைப் படகு கட்டத் தெரியாதவர்களின் கருவி என்று எண்ணுவது பிழை. அது இந்தக் கரைக்கென்றே அமைந்த கலம்.

அமைப்பும் இயக்கமும்

தடிகளின் முன்முனை மேல்நோக்கி வளையுமாறு செதுக்கப்படும். குறுக்குக் கட்டைகள் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவர். துடுப்பாலும், காற்று வாய்த்தால் பாயாலும் செலுத்துவர். மரம் நீரை உறிஞ்சினால் எடை கூடி மிதப்புக் குறையும். அதனால் கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளை வெயிலில் உலர்த்துவது வழக்கம். தடிகளைத் தனித்தனியே தூக்கிச் செல்ல முடிவதால் படகுத்துறையும் தேவைப்படவில்லை.

இதற்குக் குறைகளும் உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு இல்லை. ஏறியவர் எந்நேரமும் நனைந்தபடியே இருக்க வேண்டும். மிகுதியான மீனை ஏற்றிவர முடியாது.

வாழ்க்கை முறை

கடலுக்குச் செல்லும் நேரத்தைக் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்தன. வடக்கிலிருந்து வீசும் வாடை, தெற்கிலிருந்து வீசும் சோழகம், கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் எனக் காற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கிடைத்த மீனில் கலத்துக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள் பெண்கள்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் சதுப்பு நிலக் காட்டில் நிலைமை வேறு. அலையற்ற கால்வாய்களில் கழியூன்றியும் துடுப்பிட்டும் செல்லும் படகுகள் போதும். அங்குள்ள இருளர் மக்கள் கலமே இன்றி, நீரில் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடிப்பதும் உண்டு. ஒரே வட்டாரத்தில் நீரின் தன்மைக்கேற்பத் தொழில் முறையும் மாறுகிறது.

உலகுக்குச் சென்ற சொல்

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் இக்கலத்தைச் சோழமண்டலக் கரையில் வழங்கும் பெயராலேயே குறிப்பிட்டார். சென்னையில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களைக் கொண்டுசென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. பின்னர் 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல், இரு உடல்கள் கொண்ட படகைக் குறிக்கலாயிற்று. அந்த வடிவம் பசிபிக் தீவினரின் மரபைச் சேர்ந்தது. பெயர் மட்டுமே தமிழுக்குரியது.

இன்றைய நிலை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டுமரங்களும் வலைகளும் பெருமளவில் அழிந்தன. நிவாரணமாக இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பல வழங்கப்பட்டதால், முன்பே தொடங்கியிருந்த மாற்றம் விரைவுபட்டது. இப்படகுகள் விரைவாகவும் தொலைவாகவும் செல்கின்றன. மிகுதியான மீனையும் ஏற்றிவருகின்றன. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் எரிபொருள் வாங்க வேண்டியுள்ளது. மீன் கிடைக்காத நாளிலும் அந்தச் செலவு குறைவதில்லை. கட்டுமரக்காரர் வெறுங்கையோடு திரும்பினால் ஒரு நாள் உழைப்பை இழந்தார். இன்றைய மீனவர் அதோடு எரிபொருளுக்கான பணத்தையும் இழக்கிறார்.

தடியைத் தேர்ந்து செதுக்குவதும், காற்றறிந்து பாய் விரிப்பதும் கரையில் செய்து காட்டிக் கற்பிக்கப்பட்டவை. கலம் புழக்கத்திலிருந்து விலகும்போது அவற்றைக் கற்கும் வாய்ப்பும் குறைகிறது. கட்டுமரத்தில் தொழில் செய்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அறிந்தவற்றைக் கேட்டுப் பதிவு செய்வது, கடலோரப் பள்ளி மாணவர்களாலும் செய்யக்கூடிய பணியாகும்.