தகரம் மடிக்க வீட்டிலேயே ஒரு கருவி

சதுப்பு நிலமாகக் கிடந்த ஜூரோங்கில் 1961ஆம் ஆண்டு தொழிற்பேட்டை எழத் தொடங்கியது. கனத்த தகட்டை மடிக்கத் தொழிற்சாலை இயந்திரம்தான் வேண்டும். ஆனால், கூரையோரத்து மழைத்தண்ணீர்த் தகரத்துக்கு அது எதற்கு?

2 அடி நீள ஆங்கிள் இரும்பு 3 துண்டு, கீல் இரண்டு, கிளாம்பு இரண்டு போதும். ஒரு துண்டை மேசை விளிம்பில் திருகுங்கள். இன்னொன்றைக் கீல் போட்டு அதனோடு சேருங்கள். கீலின் ஆணி மடிப்புக் கோட்டுக்கு நேராக இருக்கட்டும். இதில் பிசகினால் மடிப்பு கோணிவிடும். தகரத்தை வைத்து, மூன்றாவது துண்டால் அழுத்தி, கிளாம்பால் இறுக்கி, கீல் போட்ட இரும்பை மெல்லத் தூக்குங்கள். விட்டதும் தகரம் சற்றே பின்வாங்கும். ஆகவே, கொஞ்சம் கூடுதலாகவே மடியுங்கள். 0.5 மில்லிமீட்டர் தகரத்துக்கு இது தாராளம்.

மடியவில்லையே என்று துத்தநாகம் பூசிய தகரத்தை நெருப்பில் காட்டிவிடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். வெட்டிய விளிம்பை முதலில் அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள்.