கடல் அனுப்பும் பனி

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் தலைநகரம் சப்போரோ. அது 43 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பிரான்ஸின் தென்கரையிலுள்ள மார்செய் நகரமும் ஏறத்தாழ அதே கோட்டில்தான். மார்செய்யில் பனி விழுந்தால் அன்றைக்கு அதுதான் செய்தி. சப்போரோவில் ஒரு குளிர்காலம் முழுக்க விழுகிற பனியைக் கூட்டிப் பார்த்தால், சராசரியாக 480 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஏறத்தாழ 20 லட்சம் பேர் அலுவலகம், பள்ளி, கடை என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெருநகரத்தில் இது!

குளிர் அதிகம், அதனால் பனியும் அதிகம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. மாஸ்கோவின் ஜனவரி சப்போரோவின் ஜனவரியைவிடக் கடுங்குளிர். ஆனால் பனி அங்கே குறைவு. சப்போரோவின் ஜனவரிச் சராசரி பூஜ்யத்துக்கு 3 டிகிரி கீழே, அவ்வளவுதான். பனிக்குக் குளிரோடு தண்ணீரும் வேண்டும். அதைக் கொடுப்பது ஜப்பான் கடல்.

குளிர்காலத்தில் சைபீரியா நிலப்பரப்பின் மேல் கனத்த, வறண்ட குளிர்காற்று தேங்கி உயர் அழுத்தப் பகுதியாகிறது. அங்கிருந்து காற்று வடமேற்கிலிருந்து வீசிக் கடலைக் கடக்கிறது. தெற்கிலிருந்து வரும் சுஷிமா நீரோட்டம் அந்தக் கடலை ஓரளவு வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. மேலே உறைகுளிர், கீழே இளஞ்சூடு. காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே மேகமாகத் திரள்கிறது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், சீப்பால் வாரிவிட்டதுபோல் கடல் முழுக்க வரிவரியாக மேகங்கள் தெரியும். அவை கரையில் ஏறி மலையில் மோதியதும் பனி கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலின் ஈரத்தை அள்ளிவரும் வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருக்கும் நமக்கு இது அந்நியமான கணக்கல்ல. இரண்டுமே ஆசியாவின் குளிர்காலப் பருவக்காற்றின் வேலைதான்.

அக்டோபரின் பின்பகுதியில் யுகிமுஷி என்ற சிறு பூச்சிகள் நகரத்தில் பறக்கத் தொடங்கும். உடம்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய அசுவினி வகை. அதைக் கண்டால் பனி பக்கத்தில் வந்துவிட்டது என்பது ஊர் நம்பிக்கை. முதல் பனி பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ எட்டிப் பார்க்கும். அது தங்காது, விழும், கரையும், தெருவைச் சேறாக்கும், மறுபடி விழும். நவம்பர் முழுக்க இந்தக் கண்ணாமூச்சிதான். டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் விழும் பனி கரையாமல் அப்படியே தங்கிவிடும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. இந்த அடிப்பனியை நெயுகி என்கிறார்கள். ஏப்ரல் தொடக்கம்வரை மண் கண்ணில் படாது.

அளவில் முதலிடம் ஜனவரிக்கு. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 135 சென்டிமீட்டர் அளவுக்கு விழுகிறது. டிசம்பரும் பிப்ரவரியும் அதற்குச் சற்றுப் பின்னால். ஆனால் தரையில் கிடக்கும் பனி உச்ச உயரத்தைத் தொடுவது பிப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் விழுந்த ஊரில் அந்த உச்சமும் சராசரியாக ஒரு மீட்டர்தான் என்பது வெளியூர்க்காரருக்குப் புதிர். புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. தன் எடையிலேயே அமுங்கி, நடுநடுவே வெயிலில் கொஞ்சம் உருகி, இறுகிக்கொண்டே போகிறது. 1939 பிப்ரவரியில் 169 சென்டிமீட்டர் பனி கிடந்தது. அந்தப் பதிவை இன்றுவரை எந்த ஆண்டும் முறியடிக்கவில்லை.

நகரம் முழுக்க ஒரே சீராகவும் விழுவதில்லை. இஷிகாரி விரிகுடாவிலிருந்து வரும் பனிமேகப் பட்டை ஒடுங்கலானது. அது நுழையும் வழியில் இருக்கும் வட்டாரம் மூடிப்போகும். சில கிலோமீட்டர் தள்ளி நீலவானம் இருக்கும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் சப்போரோ தப்பிக்கும், கிழக்கே இவாமிசாவா மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் வடக்கே திரும்பினால் சப்போரோவின் முறை. வானிலையாளர்கள் இங்கே வெப்பமானியைவிடக் காற்றின் திசையைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள்.

உலகத்துக்கு சப்போரோ என்றால் பனித் திருவிழா. 1950இல் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் ஆறு பனிச்சிலைகள் செய்து வைத்ததில் தொடங்கியது. 1955இல் ஜப்பானின் தற்காப்புப் படையினர் சேர்ந்த பிறகு சிலைகள் மாளிகை அளவுக்கு வளர்ந்தன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகைகள் படம் போடாத ஒன்று திருவிழாவைவிடப் பெரிய விஷயமாக எனக்குப் படுகிறது: நள்ளிரவுப் பனி அகற்றல்.

விடிவதற்குள் பத்து சென்டிமீட்டர் விழும் என்று தெரிந்தால் வண்டிகள் புறப்பட்டுவிடும். ஒரே இரவில் 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையில் பனியைத் தள்ளி, காலைப் பேருந்து ஓடுவதற்குள் முடித்தாக வேண்டும். தள்ளுவது ஒரு வேலை, அள்ளிக்கொண்டு போவது வேறு வேலை. தள்ளிய பனி சாலையோரத்தில் சுவராக எழும், பாதை ஒடுங்கும், பிறகு லாரிகள் வந்து அதை ஆற்றங்கரைக் கொட்டிடங்களுக்கோ உருக்கும் தொட்டிகளுக்கோ கொண்டுசெல்லும். குடியிருப்புத் தெருக்களில் பனியை அள்ளிப்போகும் செலவை நகராட்சியும் தெருவாசிகளும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. மக்களின் பெரிய எரிச்சல் எது தெரியுமா? வண்டி போன பிறகு வீட்டு வாசலில் கெட்டியாக விட்டுப்போகும் பனிக்கட்டி வரப்பு. காலையில் மண்வெட்டியோடு அதை உடைக்காமல் கார் வெளியே வராது.

சாலையின் கதை இன்னும் சிக்கல். ஒரு காலத்தில் டயரில் இரும்பு ஆணி பதித்து ஓட்டினார்கள். ஆணி பனியை மட்டுமா குடையும்? தாரையும் குடைந்தது. பனி உருகும் வசந்தத்தில் நகரம் தூசியில் மூழ்கியது. மூச்சுக் கோளாறு பற்றிய புகார்கள் கிளம்பின. 1990இல் சட்டம் வந்து ஆணி டயருக்கு முடிவு கட்டியது. காற்று சுத்தமானது. ஆனால் ஆணியில்லாத டயர்கள் சாலைப் பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கின. இன்று தெருச்சந்திகளில் மணல் பைகள் வைத்த பெட்டிகள் நிற்கின்றன. நடப்பவர் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம். அப்படியும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நூற்றுக்கணக்கானோர் வழுக்கி விழுந்து ஆம்புலன்ஸில் போகிறார்கள்.

வீடுகளும் மாறியிருக்கின்றன. பனி நாட்டுக் கூரை என்றதும் செங்குத்துச் சரிவுதான் நம் மனதில் வரும். நெருக்கமான நகரத்தில் அப்படிச் சரியும் பனி பக்கத்து வீட்டுக்காரர் தலையிலோ வழிப்போக்கர் தலையிலோ விழும். அதனால் சப்போரோவில் பல புதிய வீடுகளின் கூரை நடுவை நோக்கி உள்சரிவாக இருக்கிறது. பனி மேலேயே தங்கும். உருகும் நீர் நடுவிலுள்ள வடிகுழாய் வழியே வீட்டுக்குள்ளாகவே இறங்கிவிடும். மெட்ரோவும் பனிக்கு ஏற்றபடி அமைந்ததுதான். 1971 டிசம்பரில், மறுஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன்பாகத் திறக்கப்பட்ட அந்த ரயில், தெற்கே தரைக்கு மேல் ஓடும் பகுதியிலும் நீண்ட கூண்டுக்குள்ளேயே ஓடுகிறது.

வெப்பநிலை உயர்வதால் பனி குறையும்தானே என்று கேட்கலாம். பருவத்தின் இரு முனைகளிலும் பனி மழையாக மாறும் நாட்கள் கூடும்; உண்மை. ஆனால் கடல் சூடானால் ஈரமும் கூடும். குளிர்காற்று வருகிற நாளில் அந்த ஈரமெல்லாம் ஒரே மூச்சில் இறங்கும். 2022 பிப்ரவரி 6ஆம் தேதி 24 மணி நேரத்தில் 60 சென்டிமீட்டர் விழுந்தது. இந்த அளவைக் கணக்கெடுக்கத் தொடங்கிய 1999க்குப் பின் அதுவே அதிகம். சப்போரோ ரயில் நிலையத்துக்கு வந்து போகும் எல்லா ரயில்களும் நின்றன. சராசரியைப் பார்த்து வண்டி வாங்கி, ஆள் வைத்துத் திட்டமிடும் நகராட்சிக்கு இப்படிப்பட்ட நாள்தான் வில்லங்கம். நள்ளிரவில் அந்தக் கனரக வண்டிகளை ஓட்டத் தெரிந்தவர்களோ வயதாகி ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இருக்கையில் உட்கார இளைஞர்கள் போதுமான அளவில் வருவதில்லை.